தனியாகச் செய்தது எதுவுமில்லை

கனடாவின் மாங்டன் நகரத்து அரசு ஓய்வூதிய அலுவலகத்தில் ஒடெட் மேயே இருபத்தெட்டு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறாள். எதிர்முனையில் அழுகிறவர்கள் பேச்சை ஒருநாளும் பாதியில் வெட்டியதில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதியும் அவள்தான் என்பதால், மேலதிகாரிகளுக்கு அவள் பெயர் வேப்பங்காய்.

பிப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து ஆட்குறைப்பு உத்தரவு வந்தது. அவள் பிரிவில் இருக்கும் எட்டுப் பேரில் ஐந்து பேர் போதுமாம். யார் மிஞ்சுவது என்று பார்க்க எட்டுப் பேரும் தேர்வு எழுத வேண்டுமாம். கட்டின பெண்டாட்டியை மறுபடி பெண் பார்க்கப் போகிற கூத்துதான் இது. கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள்: ‘நீங்கள் தனியாகச் சாதித்த ஒரு வேலையை விவரிக்கவும்.’

அன்று மதியம் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்டார்கள். ஒடெட்டுக்கு உத்தரவைவிட அதுதான் வலித்தது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்த ரெனெல், கைக்குழந்தைக்காரி, தட்டை வெறித்துக்கொண்டிருந்தாள். ஒடெட் தன் உருளைக்கிழங்கு உருண்டையைப் பிட்டுப் பாதியை அவள் தட்டில் வைத்தாள்.

“நான் தனியா ஒண்ணும் கிழிக்கல. உங்கள்ல யாராவது கிழிச்சிருந்தா கையத் தூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. முதலில் சிரித்தது ரெனெல்தான்.

எட்டு விடைத்தாளிலும் ஒரே பதில் இருந்தது. செத்துப்போன மீனவர் ஒருவரின் மனைவிக்கு நின்றுபோன ஓய்வூதியத்தை மீட்ட கதை. கோப்பைத் தேடியவர் முதல் அந்த அம்மாளோடு சேர்ந்து அழுதவர் வரை எட்டுப் பேர் பெயர்களும் இருந்தன. தனியாகச் செய்தது எதுவுமில்லை என்று முடித்திருந்தார்கள்.

மேலாளர் ஜில்பேர் ஒடெட்டை மட்டும் கூப்பிட்டான். அவனுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். கதவைச் சாத்திவிட்டு வெள்ளைத் தாளை நீட்டினான்.

“நீங்க மட்டும் வேற மாதிரி எழுதிக் குடுங்க, ஒடெட். உங்க சீட்டுக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா பூஜ்யம்தான். வேலையை விட்டு நிறுத்துற முதல் கடிதமே உங்களுக்குத்தான் வரும்.”

முழு ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ஐம்பத்துமூன்று வயதில் யார் வேலை கொடுப்பார்கள்? இருந்தும் ரெனெல் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது என்ற எண்ணம்தான் முந்திக்கொண்டது. தாளை அவன் பக்கமே தள்ளினாள்.

“மூணு பேர வெட்டுறது உன் வேலை, ஜில்பேர். அதுல எங்க கை படாது. நீயே தனியா செய். அடுத்த பரீட்சை உனக்கு வரும்போது எழுத ஒரு பதிலாவது இருக்கும்.”

ஒடெட் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கொட்டும் பனியில் ஏழு பேரும் சங்கக் கொடியோடு நின்றார்கள். வருகிற கடிதம் வரட்டும் என்று போய் ரெனெல் பக்கத்தில் நின்றுகொண்டாள்.