காற்றுக் குழாயில் என் பூட்டு

குழாய்க்குப் பூட்டுப் போடுகிறவள் என்று தாராவியில் என்னைக் கேலி பேசாத ஆள் கிடையாது. பேசட்டும். என் பையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த பூட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். அதன் சாவி என் சட்டைப் பைக்குள், ஊக்கு குத்தி இருக்கும். மாற்றுச் சாவி கிடையாது. இருந்ததை நானே சாக்கடையில் போட்டேன்.

நானும் என் கொழுந்தனும் பட்டர்ஃபிளை வால்வு பழுது பார்க்கிறோம். குழாய்க்கு நடுவில் வட்டத் தகடு ஒன்று நிற்கும். திரும்பினால் தண்ணீர் போகும், குறுக்கே நின்றால் அடைக்கும். பெரிய வால்வுகளில் அந்தத் தகட்டைத் திருப்புவது காற்றழுத்தம். காற்று வந்த மாத்திரத்தில் மூடிக்கொள்ளும், நடுவில் துணி இருக்கிறதா விரல் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்காது. அதனால் வேலை தொடங்கும்முன் காற்றுக் குழாயை அடைத்து, மிச்சக் காற்றையும் வெளியேற்றி, அந்த அடைப்பில் ஆளுக்கொரு பூட்டுப் போடுவோம். போட்டவர்தான் எடுக்க வேண்டும்.

அன்று செம்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. முதலாளி எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. வால்வின் ரப்பர் வளையம் கிழிந்து ஒழுகியதால், கழற்றிக் கொண்டுபோய்ப் புதுசு போட்டுக் கொண்டுவந்திருந்தோம். தகட்டைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் குழாயோடு சேர்த்து முடுக்க வேண்டும். மூடி வைத்து முடுக்கினால் ரப்பர் நசுங்கித் தகடு சிக்கிக்கொள்ளும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி ஒரு பக்கத்தை முடித்துவிட்டோம். மறுபக்கக் குழாயை இன்னும் சேர்க்கவில்லை. அந்தத் திறந்த வாய் வழியே கொழுந்தன் கையை விட்டு, தகட்டோரம் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சுவருக்கு இந்தப் பக்கம், பூட்டுகள் தொங்கிய இடத்தருகே ஸ்பேனர் தேடிக்கொண்டிருந்தேன். வால்வை ஓட்டும் ஸ்விட்ச்சும் இந்தப் பக்கம்தான், சற்றுத் தள்ளி; அங்கிருந்து பார்த்தால் வால்வு தெரியாது.

அண்ணாச்சி கையில் எலுமிச்சம்பழத்தோடு வேகமாக வந்தார்.

“ஏம்மா, என்ன சங்கதி? ஸ்விட்ச்ச அமுக்குதேன், வால்வு அசைஞ்ச வெளக்கே எரிய மாட்டேங்கு!”

நான் தேடுவதை விட்டுப் பூட்டுகளைப் பார்த்தேன், இரண்டும் தொங்கின. “அமுக்கிட்டியளா?”

“மூணு மணிக்கு ராகு காலம்லா. அதுக்குள்ள சும்மா ஒரு தடவ ஓட்டி நிறுத்திருவோம். தண்ணிகூட விட வேண்டாம். நல்ல நேரத்துல தொடங்குன கணக்காயிரும். பொறவு நீங்க மெதுவா முடிங்க.”

நம் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். ராகு காலத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தால், பெட்டியை மட்டும் முன்னாலேயே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். நானும் வைத்திருக்கிறேன். பெட்டியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இங்கே உள்ளே இருந்தது என் கொழுந்தனின் கை.

“அண்ணாச்சி, அவன் கை உள்ள இருக்கு!”

“நாந்தான் அங்கருந்தே சத்தம் போட்டேனே. எடுத்திருப்பான். பூட்டத் தொற.”

அந்த மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே கேட்காது. “எடுத்திருப்பானா? நீங்க போய்ப் பாத்தியளா? எடுத்தே இருந்தாலும் துருவோட மூடுனா புது ரப்பர் கிழியும். தொடச்சு முடியாம பூட்டு எறங்காது.”

“என் பட்டறையில எனக்கே பூட்டா?” என்றவர் உள்ளே பார்த்து, “ஏ, கட்டர் லேகே ஆ!” என்று பூட்டு வெட்டும் கட்டரைக் கொண்டுவரச் சொல்லி இந்தியில் கத்தினார். ஒருவன் கட்டரோடு ஓடிவந்தான். நான் பூட்டுகளை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“மொதல்ல என்னய நகத்துங்க, அதுக்கப்புறம் பூட்ட வெட்டலாம்.”

“நாளையிலேருந்து இந்தப் பக்கமே வராத!”

“வரல. இன்னைக்கு அந்தக் கை முழுசா வெளிய வரணும். நீங்க மொதல்ல போய் ஸ்விட்ச்ச அணைங்க.”

கட்டர்காரன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான், கட்டரைத் தூக்கவில்லை. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி ஆகிவிட்டது. முனகிக்கொண்டே போய் ஸ்விட்ச்சை அணைத்தார்.

துருவைத் துடைத்து முடித்தபின்தான் கொழுந்தன் கிரீஸ் கையோடு வந்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. “என்ன மதினி, இங்கன ஒரே கூட்டம்?” என்றான். உள்ளே துணி, ஸ்பேனர் எதுவும் கிடக்கவில்லையே என்று இருவரும் சேர்ந்து பார்த்தோம். மறுபக்கக் குழாயைச் சேர்க்கும்முன் தகடு சரியாக மூடுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். எல்லோரையும் குழாய் வாயிலிருந்து விலகி நிற்கச் சொன்னேன். அவன் பூட்டை அவன் எடுத்தான், என் பூட்டை நான் எடுத்தேன். காற்றைத் திறந்துவிட்டான்.

“ராகு காலத்துல என் கையால போட மாட்டேன்,” என்று அண்ணாச்சி வால்வுப் பக்கமே நின்றுகொண்டார். நான் போய் அமுக்கினேன். டப்பென்று தகடு அடித்து மூடியதில் காலிக் குழாய் முழுக்க அதிர்ந்தது, சுவர் தாண்டி எனக்கே தூக்கிவாரிப்போட்டது. திரும்பி வந்தபோது அண்ணாச்சி அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அமுக்கும்போது கை எதுவரைக்கும் இருந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

கொழுந்தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினான்.

அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் விடவில்லை.

“நீங்க அமுக்குனது நல்ல நேரத்துல, அண்ணாச்சி. நான் அமுக்குனது ராகு காலத்துல. அவன் கை முழுசா இருக்கு, நல்லாப் பாத்துக்கிடுங்க.”