ஐந்தாவது மோகன்

பிரேமலதா மேடம் போய்விட்டார் என்ற செய்தி, அவருடைய மின்னஞ்சல் முகவரியிலிருந்தே வந்தது. அனுப்பியவர் அவர் தம்பி. முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேரையும் ஒரே கடிதத்தில் சேர்த்துவிட்டார். குடிப்பழக்கத்துக்கும் படபடப்புக்கும் மேடத்திடம் ரகசியமாக ஆலோசனை கேட்டவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டோம். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, எரிச்சல். மோகன், குமார், ரவி என்று எண் ஒட்டிய பெயர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் சொந்தப் பெயரில் இருந்தார்: சபாபதி. டவுன்ஷிப்பில் என் எதிர் வீட்டுக்காரர்.

மேடம் செங்கல்பட்டில் குடிநோயாளிகள் வார்டில் ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் வர வெட்கப்படுகிறவர்களுக்காக, சுனாமிக்கு அடுத்த வருடம், திருவிடந்தை வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டுச் சனிக்கிழமை காலைகளில் இன்டர்நெட் சாட்டில் உட்கார்ந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் ஒற்றை விரலால் தட்டுவார். நாம் பத்து வரி கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாதியில் லைன் போய்விடும். “கம்ப்யூட்டர்ல பேசினா குடி நின்னுடுமா?” என்று கூட வேலை பார்த்தவர்களே சிரித்தார்களாம். ஒரு சனிக்கிழமையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்திருக்கலாம்.

எங்கள் டவுன்ஷிப்பிலேயே பிரவுசிங் சென்டர் இருந்தது. யாராவது பார்த்தால் ஆபீஸுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து, செங்கல்பட்டில் பஸ் மாறி மதுராந்தகம் வரை போனேன். இரண்டாவது வாரமே பக்கத்துத் தடுப்பின் திரையை விலக்கிக்கொண்டு சபாபதி எழுந்தார்.

“பையனுக்கு ரிசல்ட் பார்க்க வந்தேன் சார்.”

“நானும்தான்” என்றேன். எனக்குப் பையனே கிடையாது. அது அவருக்கும் தெரியும். திரும்பும்போது ஒரே பஸ்ஸில் அவர் முன் சீட்டிலும் நான் கடைசி சீட்டிலும் வந்தோம்.

மேடத்திடம் சொன்னேன். “ரெண்டு பேரும் ஒரு டீ குடிச்சிருக்கலாமே. தனித்தனியா பயப்படவா அவ்ளோ தூரம் போறீங்க?” என்று எழுதினார்.

ஒவ்வொரு முறையும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான். “இன்னிக்கு உங்க பேரு இன்னா?” நான் மோகன் என்பேன். வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் என்று ஆரம்பத்தில் எழுதினேன். “நான் ரெண்டால பெருக்கிக்கறேன், மேல சொல்லுங்க” என்று பதில் வந்தது. நாலுதான் உண்மை என்பதால் கோபம் கோபமாக வந்தது. “குடியை வுடுங்க, அதுக்கு முன்னால வர்ற அரை மணியை எழுதுங்க” என்றார். ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்வதை அவருக்குத்தான் முதலில் சொன்னேன்.

எட்டு மாதத்தில் குடி நின்றது. மேலும் மூன்று மாதம் தாக்குப்பிடித்துவிட்டுப் பெருமையாக எழுதினேன். ஒற்றை விரல் தட்டித் தட்டி வந்த பதில்: “குடியை வுட்டுட்டீங்க. மோகனை எப்ப வுடப்போறீங்க?”

ஒரு வாழ்த்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? சாட் ஜன்னலை மூடிவிட்டு எழுந்தவன் பிறகு போகவே இல்லை. நான்கு வருடம். அவர் மேல் அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. என் மேல் இருப்பது அதைவிடப் பெரிது.

திருவிடந்தைக்குப் போனேன். வாசலில் தம்பி பெயர் கேட்டார். வாய் தானாக “மோகன்” என்றது.

“காத்தாலேர்ந்து நாலு மோகன் வந்துட்டாங்கோ. நீங்க அஞ்சாவது. அக்காவே பூடுச்சு, இன்னும் யாருக்கு சார் மறைச்சிகினு கீறீங்க?”

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். உள்ளே பெஞ்சில் இருந்த சபாபதி நகர்ந்து இடம் விட்டார்.

“பையன் ரிசல்ட் என்ன ஆச்சு சார்?” என்றார்.

அங்கேதான் அழுதேன். பிறகு “குடி சார்” என்றேன். “எனக்குப் படபடப்பு” என்றார். இத்தனை வருடம் எதிரெதிர் வீடு. அன்றுதான் சேர்ந்து டீ குடித்தோம். அவர் சம்மதத்துடன்தான் அவர் பெயரை இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் மிச்சமிருப்பது மேடத்தின் அந்த முதல் கேள்வி. ஆபீஸ் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொரு மாலையும் கேட்டுக்கொள்கிறேன். மோகன்களே, குமார்களே, ரவிகளே, தம்பியின் கடிதத்துக்குப் பதிலாக இதை உங்கள் எல்லோருக்குமே அனுப்புகிறேன். அவர் கேட்டபோதெல்லாம் எழுதாததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வேதாசலம்