அம்மா குடித்த வைன்

ஹோட்டலில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அம்மாவிடம் நேராகச் சொன்னதே இல்லை. "வர்றவங்களுக்குச் சரித்திரம் சொல்ற வேல" என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய்யும் இல்லை. ஹல்துமுல்லைப் பக்கம் பழைய துரை பங்களா ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே வைனின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே கிளாஸ்களில் ஊற்றுவது என் வேலை. வாயால் செய்வதைச் சொன்னேன், கையால் செய்வதை விட்டுவிட்டேன்.

காரணம் இருந்தது. என் அப்பா கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் குடித்தே செத்தவர். அவர் போன பிறகு அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். தன் வாயிலும் பிள்ளைகள் வாயிலும் அந்தக் கருமம் படாது என்றாள். அதற்குப் பிறகு இருமல் மருந்தைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்துத்தான் தருவாள். அப்படிப்பட்டவளிடம் போய், உன் மகள் ஊற்றிக் கொடுக்கிறாள் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? பயிற்சியின்போது நான் ருசி பார்த்ததும் அவளுக்குத் தெரியாது.

எனக்குச் சொல்லிக்கொடுத்த கதையை நான் நன்றாகவே சொல்வேன். கருங்கடலை ஒட்டிய மலைநாட்டில் பெரிய மண்சாடிகளை நிலத்தில் புதைத்துத் திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்தார்கள். எகிப்தில் ராஜாவைப் புதைக்கும்போது போகிற இடத்திலும் குடிக்கட்டும் என்று சாடி சாடியாக வைத்து அனுப்பினார்கள். ரோமர்கள் படை போன இடமெல்லாம் திராட்சைக் கொடியையும் கொண்டுபோனார்கள். மடத்துச் சாமியார்கள் எந்தச் சரிவில் எது நன்றாக வரும் என்று பார்த்துப் பார்த்து நட்டார்கள். பிறகு பிரான்சில் ஒரு பூச்சி வேரைத் தின்று திராட்சைத் தோட்டங்களை அழித்த காலத்தில்தான் நம் மலையில் கோப்பி இலையில் நோய் விழுந்தது, கோப்பி போய்த் தேயிலை வந்தது என்று முடிப்பேன். அந்த இடத்தில் விருந்தாளிகள் எதிர்மலையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிடுவேன். தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டங்களில் கூலியில் ஒரு பங்கை வைனாகவே கொடுத்து ஆட்களைக் குடிக்குப் பழக்கியிருக்கிறார்கள். குடிக்க வந்தவர்களிடம் அதை ஏன் சொல்ல வேண்டும் என்றார் மேனேஜர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்களைக் கூட்டிவந்து விருந்தாளிகளுக்குக் கொழுந்து பறித்துக் காட்டுவது. எங்கள் ஊர் கொஸ்லந்தையிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்களில் அம்மாவும் இருந்தாள். எனக்கு முன்கூட்டித் தெரியாது. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு அவள் நிமிர்ந்தபோது என் கையில் போத்தல் இருந்தது. என்னைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள், பிறகு செடிப்பக்கம் குனிந்துகொண்டாள். இவள் என் அம்மா என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை. வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பறித்துக் காட்டி முடிந்ததும் பெண்கள் புல்வெளி ஓரத்தில் நின்றார்கள். வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், நல்ல மனுஷிதான், என்னிடம் வந்து அம்மாவைக் காட்டினார். இவர் இதை ருசி பார்க்க விரும்புவாரா, கேட்டுச் சொல் என்றார். அன்றைக்கு ஊற்றியது தென்னாப்பிரிக்க வைன். இவர் குடிக்கமாட்டார் என்று அங்கேயே ஒரு வரி சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கடித்துத் தின்றிருக்கமாட்டார்கள். நான் ஊற்றினேன். எல்லோருக்கும் சிரிக்கிற அதே சிரிப்போடு கிளாஸை நீட்டி, "கொஞ்சம் ருசி பாக்குறீங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள் என்று நம்பினேன்.

அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கஷாயம் குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு தோட்டக் குழாயடிக்குப் போய்க் கிளாஸைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். பங்களாவில் எதையும் வாங்கிக் குடித்தால் கழுவி வைப்பதுதான் லயம் என்ற வரிசை வீடுகளில் இருக்கும் தோட்டத்து ஆட்களின் பழக்கம். விருந்தாளிகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, கைதட்டினார்கள். "நல்லா இருக்குங்க," என்றாள் அம்மா. அதையும் நான் இங்கிலீஷில் சொன்னேன்.

அடுத்த லீவில் நான் வீட்டுக்குப் போனபோது கோயிலில் திருவிழா. அம்மா உள்ளே வரவில்லை. வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவே நின்று கும்பிட்டாள். கேட்ட பெண்களிடம் கால்வலி என்றாள். எனக்குக் காரணம் தெரியும். வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுதிருக்க வேண்டியவள் நான், கத்தினேன்.

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னம்மா? வெள்ளக்காரங்கன்னா அவ்வளவு பயமா?"

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எனக்கா பயம்? தீவாளிக்கு துரை சாராயம் குடுத்தப்பவே மூஞ்சிக்கு நேரா வேணாங்கன்னு சொன்னவ நானு. அந்தம்மா கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"பின்ன எதுக்கு குடிச்ச?"

"கேட்டது நீதானே புள்ள. அத்தன பேரு முன்னால கைய நீட்டிக்கிட்டு நிக்கிற. நான் வேணாம்னா ஒனக்கு அசிங்கமா போயிடாதா?"

ரொட்டியைத் தட்டில் போட்டுச் சம்பலோடு தந்தாள், சாப்பிட்டேன். எனக்கு அசிங்கமாகிவிடக் கூடாது என்று அவள் சாமிக்கு வெளியே நிற்கிறாள். நான் மறுநாள் காலையில் பஸ் ஏறி, மறுபடியும் ஊற்றப் போனேன்.