கிளிஞ்சல் கல்லுக்கு நான் சொன்ன பதில்

போன வருடம் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில், பூமியின் வயதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மேலாளர் நான். கல்லூரியில் வேதியியல் படித்தவன் என்பதால் அறிவியல் என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

பேசி முடித்ததும், நல்லூரில் ஆசிரியையாக இருக்கும் ஒரு பெண் வந்து ஒரு கல்லை நீட்டினார். அரியலூர்ப் பக்கம் போனபோது எடுத்ததாம். கல்லுக்குள் கிளிஞ்சல் பதிந்திருந்தது.

"இது எத்தன வருசத்துக் கல்லுன்னு எப்படி சார் கண்டுபுடிக்கிறாங்க?"

"கார்பன் டேட்டிங்தான். கார்பன அளந்தா பத்து கோடி வருசம்னாலும் சொல்லிடலாம்" என்றேன், கொஞ்சமும் யோசிக்காமல்.

கை தட்டினார்கள். சென்னையில் நிலவியல் ஆராய்ச்சி செய்யும் என் மகள், விடுமுறைக்கு வந்தவள், கடைசி வரிசையில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வீட்டில் சாப்பிடும்போது நானே கேட்டேன், பேச்சு எப்படி இருந்தது என்று.

"நல்லா இருந்துச்சுப்பா. அந்தக் கல்லு விசயம் மட்டும் தப்பு. அம்பதாயிரம் வருசத்துக்கு மேல போனா அளக்குறதுக்கு அந்தக் கார்பனே மிச்சம் இருக்காது."

"அப்ப எப்படித்தான் பாக்குறாங்க?"

அதே வகைக் கிளிஞ்சல் வேறு ஊர்களில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்கு நடுவே கிடைக்கிறது என்றாள். சாம்பலில் சிர்கான் என்ற சின்னஞ்சிறு படிகம் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. அந்த யுரேனியம் மெதுமெதுவாக ஈயமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் அந்த அடுக்கின் வயது தெரிந்துவிடும், அதை வைத்துக் கிளிஞ்சலின் வயதும். விண்கற்களிலும் இப்படி ஈயத்தை அளந்துதான் பூமிக்கு ஏறக்குறைய நானூற்று ஐம்பது கோடி வயது என்கிறார்கள்.

சிர்கான். பீங்கானுக்கு வெள்ளை ஏற்ற எங்கள் பட்டறையில் மூட்டை மூட்டையாகக் கலக்கும் பொடி. அது எங்கிருந்து வருகிறது, எத்தனை பழையது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"அத்தன பேரு முன்னாடி எப்படிப்பா சொல்றது."

அவள் என் மானத்தைக் காப்பாற்றியதுதான் தப்பை விட அதிகமாகச் சுட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். நான் சொன்னது தவறு, நிலவியல் ஆராய்ச்சி செய்யும் என் மகள்தான் திருத்தினாள் என்று சொன்னேன். பாதிப் பேர் அதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆசிரியை மட்டும் வாசலில் நின்றிருந்தார்.

"புள்ளைங்களுக்கு நீங்க சொன்ன மாதிரியே சொல்லிக் குடுத்துட்டேங்க சார்."

"மன்னிச்சுக்குங்க டீச்சர். நானே ஸ்கூலுக்கு வந்து சரியா சொல்லட்டுங்களா?"

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"உங்க பொண்ணு வந்தா நல்லா இருக்குங்க சார்."

மகள் சென்னைக்குத் திரும்பும் முன் அந்தப் பள்ளிக்குப் போனாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே வரச் சொன்னார்கள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த டீக்கடையில் அவள் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.