வண்டி ஒத்துக்காத அக்கா

அக்காவுக்கு வண்டி ஒத்துக்காது. அந்த வீட்டில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சமையலறைக் குழாய் இடதுபக்கம் திருகினால்தான் திறக்கும் என்பது மாதிரி, எல்லோருக்கும் தெரிந்த, யாரும் திரும்ப யோசிக்காத விஷயம்.

ஆரம்பம் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா. பத்து வயதிருக்கும். பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். சும்மா எடுத்திருந்தால் மறந்து போயிருக்கும். தலைமை ஆசிரியையின் மடியில் எடுத்துவிட்டாள். அதற்குச் சற்று முன்னால் ஒரு அவித்த முட்டை சாப்பிட்டிருந்தாள். காலையிலிருந்து பைக்குள்ளே புழுங்கிக் கிடந்த முட்டை. உரிக்கும்போதே ஒரு வாடை வந்தது. பசி கண்ணை மறைக்க, தின்றுவிட்டாள். கெட்டது முட்டை, பழி விழுந்தது வண்டிமேல்.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், துணி அறைக்குப் பொறுப்பாளி. வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் தள்ளுவண்டியில் இறங்கி வரும்; துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, சதுரமாக மடித்து மேலே ஏறும். பழையதைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்பது அந்த அறையின் சட்டம். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் யாராவது, "அக்கா, ஒண்ணே ஒண்ணு எக்ஸ்ட்ரா குடுங்கக்கா" என்று குழைந்தால், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "பழசு எங்கம்மா?" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. ஆஸ்பத்திரி முழுக்க அவள் பெயர் பெட்ஷீட் அக்கா.

இந்த வேலைக்கு தினமும் இரண்டு பஸ் மாறித்தான் போய்வந்தாள். அதை வீட்டில் யாரும் வண்டிக் கணக்கில் சேர்க்கவில்லை.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றது. அதன் பிறகு தம்பியின் குடும்பத்தோடுதான் இருந்தாள். தம்பிக்கு டைல்ஸ் கடை. அவன் மனைவி, காலேஜில் கடைசி வருஷம் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன். வருஷத்துக்கு ஒரு தடவை நாலு பேரும் எங்காவது வெளியூர் போவார்கள். கிளம்பும்போது தம்பி சாவிக்கொத்தை நீட்டுவான். "செடிக்குத் தண்ணி ஊத்திடுக்கா. உனக்குத்தான் வண்டி ஒத்துக்காதே."

"நீங்க போயிட்டு வாங்கடா."

ஒருநாளாவது, அது முட்டைடா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், காலியான வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டிலில் குறுக்காகப் படுக்கலாம். ரேடியோவைச் சத்தமாக வைக்கலாம். ஒரே தட்டு, ஒரே டம்ளர். அந்தப் பொய்யில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. ஆனால் பங்கு என்றால் எவ்வளவு? தானாக வேண்டாம் என்று விட்டதா, அவர்கள் விட்டுவிட்டுப் போகப்போக வேண்டாம் என்று சொல்லப் பழகியதா? யோசித்தால் பிடிபடவில்லை. அவளும் ரொம்ப யோசிக்கவில்லை. தள்ளுவண்டி வந்துவிடும்.

கிரெடிட் கார்டு அவளிடம் வந்தது ஒரு தற்செயல். ஆஸ்பத்திரி வராந்தாவில் வங்கிக்காரப் பெண் ஒருத்தி மேஜை போட்டு உட்கார்ந்து, சம்பளக் கணக்கு உள்ளவர்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்கு அந்த வங்கி இரண்டு தடவை கையை விரித்திருந்தது. கடைக்காரனின் வருமானம் ஏறி இறங்கும், அதை நம்ப முடியாதாம். "உனக்குன்னா கண்ண மூடிக்கிட்டுக் குடுப்பான்க்கா. உன் பேருல வாங்கு. நான் கட்டிடறேன்" என்றான். வாங்கினாள். கார்டு அவள் பெயரில், அவன் பாக்கெட்டில். நாணயமானவன், ஒரு தவணை தவறியதில்லை. அவளுக்கு வந்த வேலை ஒன்றே ஒன்று. கடையில் அவன் சரக்கு எடுக்கும்போதெல்லாம் ஓடிபி இவள் போனுக்கு வரும். மடித்துக்கொண்டிருக்கும் விரிப்பை முழங்கையில் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்துச் சொல்வாள். இன்றைக்கு வியாபாரம் எப்படி என்பது தம்பி மனைவிக்குத் தெரியும் முன்னால் அடித்தளத்தில் இவளுக்குத் தெரிந்துவிடும்.

அப்படி டைல்ஸ் டைல்ஸாக வாங்கியதில் பாயிண்ட் சேர்ந்து, ஒருநாள் அந்தக் கார்டு அவர்களை ஒரு கப்பல் கிளப்பில் உறுப்பினராக்கியது. வெளியாட்களுக்கு இடமில்லை, உறுப்பினர்களும் அவர்கள் குடும்பமும் மட்டும் போகிற உல்லாசக் கப்பல். சேர்ந்த பாயிண்டில் பாதிக் கட்டணம் கழியும். மீதியைப் பன்னிரண்டு மாதத் தவணையாகக் கட்டலாம், வட்டி கிடையாது. படம் போட்ட பளபளப்பான புத்தகம் ஒன்று தபாலில் வந்தது.

"நாலு பேருக்கு ஒரு அறை. நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

அக்கா தேநீர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்றாள்.

அன்றைக்கு அந்தப் புத்தகம் அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தது. இடைவேளையில் இஸ்திரி மேஜைமேல் விரித்து வைத்துப் பார்த்தாள். நீச்சல் குளமோ நாடக அரங்கமோ அவளை இழுக்கவில்லை. வட்ட ஜன்னல் இருக்கும் சின்ன அறையில் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல், தட்டினால் சத்தம் வரும் போல இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. தரை ஆடும்போது இதை எப்படி இப்படிக் கட்டுகிறார்கள்? ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. விரலால் அந்தத் தண்ணீரைத் தொட்டாள்.

துவைக்கும் மெஷினை ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். "என்ன, பெட்ஷீட் அக்கா கப்பல் வாங்கப் போகுதா?"

"தம்பி குடும்பம் போகுது."

"நீ?"

"எனக்கு வண்டி ஒத்துக்காது."

அவர் மெஷின் கதவை இழுத்துச் சாத்தினார். "கப்பல் எப்படி வண்டியாகும்? சக்கரமே இல்லையே!"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. போகணும் போல இருக்கே என்று முதல்முதலாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வாய் அந்தச் சொல்லுக்குப் பழக்கப்படாமல் கூசியது. யாரும் கேட்காமல் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதிவு செய்யும் வேலை மகளிடம் வந்தது. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் எந்த அலுவலகத்துக்குப் போன் போட வேண்டுமென்றாலும் அவளைத்தான் முன்னால் தள்ளுவார்கள். கிளப்பின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேஜை நடுவில் போனை வைத்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அக்கா அடுப்படியில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கிளப் பெண்ணின் குரல் மிருதுவாக இருந்தது. மகள் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டாள். வட்டியே இல்லையா? தவணை தேதி தவறாதவரை இல்லை. நடுவில் வேண்டாமென்றால்? பணம் கொஞ்சம் திரும்பும், பாயிண்ட் திரும்பாது. அறையில் ஐந்தாவது படுக்கை போட முடியுமா? மகள் இதைக் கேட்டதும் தம்பி புருவத்தை உயர்த்தினான். முடியாது, நாலு பேர்தான். இன்னொரு அறை? ஒரு கார்டுக்கு ஒரு அறைதான் இந்தச் சலுகையில்.

"சரிங்க. பேர் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. முதல்ல மெம்பர் பேர். கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க."

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"கார்டு எங்க அத்தை பேர்ல இருக்குங்க. ஆனா பிரயாணம் பண்றது நாங்க நாலு பேர்."

"மெம்பர் இல்லாம குடும்பத்த மட்டும் ஏத்த முடியாதுங்க. அவங்க கண்டிப்பா கப்பல்ல இருக்கணும். அவங்களோட சேர்த்துதான் நாலு."

தம்பி போனை நோக்கிக் குனிந்தான். "மேடம், ஒண்ணு பண்ணலாமா? அக்கா துறைமுகத்துக்கு வருவாங்க. ஏறுவாங்க, முகத்தக் காட்டுவாங்க, கையெழுத்துப் போடுவாங்க. கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி இறங்கிடுவாங்க. அப்படி முடியுமா?"

"அப்பா!" என்றாள் மகள், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு.

"முடியாது சார். கப்பல் திரும்பி வர்ற வரைக்கும் அவங்க உள்ள இருக்கணும்." அந்தப் பெண் இதைவிட விசித்திரமான யோசனைகளையெல்லாம் கேட்டிருப்பாள் போல, குரல் மாறவே இல்லை. "மெம்பர் பக்கத்துல இருக்காங்களா? அவங்ககிட்டதான் நான் கேக்கணும். மேடம், நீங்க வர்றீங்களா?"

அடுப்படியில் துணி நின்றது. இத்தனை வருஷத்தில் அவளை இப்படி யாரும் கேட்டதில்லை. அதுவும் முகம் தெரியாத ஒருத்தி, மேடம் என்று வேறு.

"அக்காவுக்கு வண்டி ஒத்துக்காதுங்க" என்றான் தம்பி, பழக்கத்தில்.

அதுவரை வாயே திறக்காத தம்பி மனைவி, நகத்தைப் பார்த்தபடி சொன்னாள். "தெனம் ரெண்டு பஸ்ஸு மாறி வேலைக்குப் போறாங்க. அது ஒத்துக்குதாக்கும்?"

தம்பி மனைவியைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அந்த இரண்டு பஸ்ஸையும் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணால் கண்டதைப் போல இருந்தது அவன் முகம்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். குரல் துணி அறைக் குரலாக வந்தது.

"வர்றேங்க."

"ரொம்ப சந்தோஷம் மேடம். கூட வர்ற மூணு பேர் யாரு?"

"எழுதிக்கங்கம்மா. தம்பி பொண்டாட்டி. அப்புறம் ரெண்டு புள்ளைங்க."

"அக்கா! அப்ப நான்?"

"ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போய்த்தானேடா ஆகணும்? நீ சாவிய வாங்கி வச்சுக்க. செடிக்குத் தண்ணி ஊத்து."

மகன் குபீரென்று சிரித்தான். அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அவள் உதடும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"தவணை கட்டறவன் நானு" என்றான் தம்பி, தணிந்த குரலில்.

"இந்தத் தவணைய நான் கட்டறேன், சம்பளத்துல. பாயிண்ட் உன்னது, அத இல்லேன்னு சொல்லல. அடுத்த தடவ நீ வா, நான் இன்னொரு ஆள நிறுத்தறேன். இந்த தடவ..." மேஜை விரிப்பின் சுருக்கத்தை இழுத்து விட்டாள். "இந்த தடவ எனக்குப் போகணும்டா."

சொல்லிவிட்டாள். கூசவில்லை. போனில் அந்தப் பெண், "ஓடிபி வந்திருக்கும் மேடம்" என்றாள். அக்கா தன் போனைத் துழாவி எடுத்து எண்ணைப் படித்தாள். வேறு யாருக்காகவும் இல்லாமல் அவள் படித்துச் சொன்ன முதல் ஓடிபி அது.

தம்பி அந்த வாரம் முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை. கடையிலிருந்து வருவான், சாப்பிடுவான், எழுந்துவிடுவான். அக்காவுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருஷமாக வீட்டையும், இப்போது கார்டுத் தவணையையும் சுமந்தவனை ஒரு போன் பேச்சில் ஓரம் கட்டிவிட்டோமோ? நாலு பேரும் போகட்டும், நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால்கூட இனி அந்தக் கப்பல் அவர்களை ஏற்றாது என்று நினைத்துக்கொண்டதில் ஒரு நிம்மதி. நிம்மதிப்படுகிறோமே என்று அதிலும் ஒரு உறுத்தல்.

கிளம்புவதற்கு முந்தின மாலை அவள் பெட்டியை மூடும்போது வந்து நின்றான். மருந்துக்கடை உறை ஒன்றை நீட்டினான்.

"வாந்தி மாத்திரை. ஏறறதுக்கு முன்னாடி ஒண்ணு. அப்புறம் தேவைப்பட்டா ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் போடணும், மறந்துடாத."

"அது முட்டைடா" என்பது வாய்வரை வந்தது. அவன் உறையின்மேல் தன் கையெழுத்தில் வேளை எழுதியிருந்ததைப் பார்த்தாள். வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். சாவிக்கொத்தை அவன் கையில் வைத்தாள்.

"அந்தப் பெரிய தொட்டிக்கு ரொம்ப ஊத்திடாத. அழுகிடும்."

"தெரியும், தெரியும்."

கப்பல் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மேல்கட்டிலுக்குப் பாய்ந்தார்கள். அக்கா விரிப்பின் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். மெத்தையின் அடியில் நாலு பக்கமும் கொக்கி போட்டு இழுத்திருந்தார்கள். அடப்பாவி, இவ்வளவுதானா! ஊர் திரும்பியதும் மெஷின்காரரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

இரவில் கடல் கொஞ்சம் புரண்டது. விடிந்தபோது அக்கா வட்ட ஜன்னலில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தாள், தெம்பாக. தம்பி மனைவி தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தாள். ஏறியதிலிருந்து மாத்திரையெல்லாம் அவள் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. போனவை அங்கே தங்கவுமில்லை.

கப்பல் வைஃபையில் போன் அடித்தது. தம்பி.

"எப்படிக்கா இருக்க? மாத்திரை போட்டியா?"

"தீந்துபோச்சுடா."

"பாத்தியா! நான் சொன்னேன்ல, உனக்கு ஒத்துக்காதுன்னு!" குரலில் கவலை பாதி, வெற்றி பாதி.

தலையணையிலிருந்து ஒரு கை வெளியே வந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தது. "சொல்லிடாதீங்க அண்ணி" என்றது ஈனக்குரல். "தெரிஞ்சா அடுத்த தடவ சாவிக்கொத்த என் கையில குடுத்துடுவாரு."

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் சுமந்த பெயர். இன்னும் கொஞ்சநாள் சுமப்பதில் இடுப்பு ஒடிந்துவிடாது. இந்த முறை தெரிந்தே சுமக்கலாம்.

"ஆமாண்டா" என்றாள் போனில். "எனக்கு ஒத்துக்கலதான். ஆனா வந்துட்டேனே, என்ன பண்றது? செடிக்கு ஊத்துனியா?"

போனை வைத்துவிட்டு, ஈரத்துண்டைப் பிழிந்து தம்பி மனைவியின் நெற்றியில் போட்டாள். பிள்ளைகளை எழுப்பி, கூட்டிக்கொண்டு மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனாள். நாலு பக்கமும் தண்ணீர். தரை மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. அவள் கால்களும் கூடவே ஏறி இறங்கின.

தட்டில் ஒரு அவித்த முட்டையை எடுத்து வைத்தாள். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து உரித்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

நல்ல முட்டைதான்.