சேவியரின் மூன்றாவது கசெற்

பிரஷர் குளிசை எடுக்கக் கிளினிக் வரிசையில் இலக்கத் துண்டோடு நின்றபோது நசீரின் அழைப்பு வந்தது. “மச்சான், எங்க நிக்கிறாய்?” என்றார். வழமையாக அவர் அப்படித் தொடங்கினால் பின்னால் ஒரு பகிடி வரும். அன்று வரவில்லை. “சேவியர் மோசம் போயிட்டார். விடிய ஆறு மணிக்காம். நீ அவதிப்படாம ஆறுதலா வா.” நான் வரிசையை விட்டு விலகவில்லை. குளிசையை எடுத்துக்கொண்டுதான் போனேன். அறுபது தாண்டிய பிறகு எத்தனை மரணச் செய்திகள். உட்கார்ந்து அழுவதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது.

மன்னார்ப் பட்டினத்தில் பலருக்கு அமரர் சேவியரை ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக்காகத் தெரியும். அவரின் ஊரான தோட்டவெளிச் சனங்களுக்கு, கோயிலில் பூசைக்குப் பிந்தி வந்து கடைசி வாங்கில் இருக்கும் மனிதராகத் தெரியும். எனக்கும் நசீருக்கும் அவர் வேறு ஆள். ஒரு பாட்டையே இருபது நிமிடம் வாசித்த ஒரு பழைய ஆங்கிலேய றொக் குழுவுக்காக நாற்பது வருடம் வழக்காடியவர். நேரில் நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன். பேனையை எடுத்தால் ‘அவர்’ என்று வருகிறது. பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நாங்கள் மூவரும் ஒரே வகுப்பு. சேவியரின் தமையன் கப்பலில் வேலை செய்தவர். லீவில் வரும்போதெல்லாம் அந்தக் குழுவின் கசெற் ஒன்று கொண்டுவருவார். எல்லாம் ஏதோவொரு துறைமுகக் கடையில் பதிந்தவை. அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே வந்த ஒழுங்கில் சேவியர் நீலப் பேனையால் இலக்கம் போட்டார். ஏழு வரை போனது. அவருக்குப் பிடித்தது மூன்றாவது, எனக்கு ஐந்தாவது. எங்கள் சண்டை அங்கேதான் தொடங்கியது.

“ஐந்தாவதில கிற்றார்காரன் தன்ர கெட்டித்தனத்தைக் காட்டுறான். மூன்றாவதில ஒருத்தரும் ஒண்டும் காட்டேல்ல, அதுதான் பாட்டு” என்பார்.

“மூன்றாவதில ட்ரம்ஸ்காரன் நித்திரை” என்பேன் நான்.

“நித்திரை இல்லையடா, பொறுமை.”

நசீர் தகப்பனாரின் இரும்புக்கடையில் இருந்துகொண்டு எங்களுக்குத் தீர்ப்புச் சொல்வார். “எனக்கு ரெண்டும் மிசின் ஸ்டார்ட் வராத சத்தம்தான். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

பிறகு நாட்டில் சண்டைக் காலம். நசீரின் குடும்பம் புத்தளத்துக்குப் போய்விட்டது. நானும் சேவியரும் குடும்பங்களோடு விடத்தல்தீவில் ஒதுங்கினோம். கரண்ட் இல்லை, பற்றரி வர ஆமி விடுவதில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் கேட்டோம். ஐந்தாவதுக்கு அவர் சுற்றுவார், மூன்றாவதுக்கு நான் சுற்றுவேன். ஒருவருக்குப் பிடித்ததை மற்றவர் உழைத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவருடையது மெக்கானிக்கின் கை, ஐந்தாவது பிசகாமல் ஓடும். நானோ கந்தோரில் பேனை பிடித்தவன். பத்து நிமிடத்தில் தோள்மூட்டு விட்டுப்போகும். பாட்டு இழுபடும், பாடகன் கிழவனாகிவிடுவான். சேவியர் கண்ணை மூடிக்கொண்டு, “இப்பிடியே சுத்து மச்சான், வேகமாக்காத” என்பார்.

அந்த வருடம்தான் அவர் தன் மூத்த மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். ஆறு வயது. பாதை பூட்டியிருந்ததால் மருந்துக்கு ஆற்றைக் கடக்க முடியவில்லை. அதைப் பற்றி அவர் என்னோடு ஒருநாளும் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. மூன்றாவதைப் போடச் சொல்வார். நான் சுற்றுவேன். எனக்கு அவ்வளவுதான் செய்யத் தெரிந்தது.

எல்லாம் ஓய்ந்து ஊருக்குத் திரும்பிய பிறகு, நசீரும் வந்து கடையைத் திறந்த பிறகு, ஒருநாள் அந்தப் பாட்டுகளைப் போனில் தேடி எடுத்துப் போட்டேன். மூன்றாவது தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, சேவியர் கையைத் தூக்கினார். “நிப்பாட்டு. இது அவங்கள் இல்லை. ஆரோ பஸ் பிடிக்க ஓடுறாங்கள்.”

“இதுதான் மச்சான் சரியான வேகம். அண்டைக்கு இழுபட்டது என்ர கை.”

சேவியர் போனை என் பக்கம் தள்ளினார். “அப்ப அவங்களை விட உன்ர கை திறம்” என்றார். அத்தோடு எழும்பி வேலைக்குப் போய்விட்டார்.

பின்பு இணையத்தில் அந்தக் குழுவின் ரசிகர்கள் கூடும் இடம் ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கேயும் மூன்றாவதுதான் உச்சம் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். எங்கேயோ இருந்த ஒரு வெள்ளைக்காரர் இல்லை என்று மறுத்தார். ஒரு கிழமை கடும் போர். நான் போய்ப் பார்த்தால், அந்தக் குழு வெளியிட்ட ஒழுங்கில் எங்கள் மூன்றாவது உண்மையில் ஆறாவது. தமையனார் கொண்டுவந்த ஒழுங்கை நாங்கள் உலக ஒழுங்கென்று நம்பியிருந்தோம். “வேற எதுக்கோ ஒரு கிழமை சண்டை பிடிச்சிருக்கிறாய்” என்றேன். “அதுக்கென்ன? அந்த மனிசனும் சந்தோசமாத்தான் பிடிச்சவன்” என்றார் சேவியர். இலக்கத்தை மட்டும் மாற்ற விடவில்லை.

ஈரல் வருத்தம் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது கிழமைக்கு இரண்டு தரம் போனேன். போய் வருவதே பெரிய பாடாக இருந்தது. கடைசித் தரம் போனபோது முகம் மஞ்சளித்து, கை கால் குச்சியாகி, குரல் அடங்கிக் கிடந்தார். மனைவி ஜசிந்தா தண்ணீர் எடுக்கப் போன நேரம் என் கையைப் பிடித்தார். “ஒருக்கா ஒத்துக்கொள்ளன்டாப்பா. மூன்றாவதுதான் எண்டு.”

உண்மையைச் சொல்கிறேன். மூன்றாவதுதான் பெரிது என்று எனக்குத் தெரிந்து பல வருடமாகிறது. விடத்தல்தீவில் சுற்றிய காலத்திலேயே தெரியும். அவர் வாசிக்கமாட்டார் என்ற துணிவில்தான் இதை இங்கே எழுதுகிறேன். அன்று வாய் வரை வந்தது. ஆனால் ஒத்துக்கொண்டால் அது பிரியாவிடையாகிவிடும் என்று பயந்தேன். “போடா விசரா, ஐந்தாவதுதான்” என்றேன். அவர் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நாலாம் நாள் நசீரின் அழைப்பு.

சாகக் கிடந்தவர் கேட்டது ஒரு சொல். அதைக்கூடக் கொடுக்காமல் வந்தேனே என்ற நினைப்போடுதான் செத்தவீட்டு வாசலில் ஏறினேன். ஜசிந்தா பெட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். அழுது முடிந்த முகம். “தங்கச்சி, நான் அண்டைக்கு அவன் கேட்டதுக்கு ஓம் எண்டு சொல்லியிருக்கலாம்” என்றேன்.

“சொல்லாம விட்டது நல்லம் அண்ணை” என்றார் ஜசிந்தா. “நீங்கள் போனாப்பிறகு எழும்பி இருந்து கஞ்சி கேட்டவர். ‘அவன் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல ஜசிந்தா. நான் சாகப்போறன் எண்டா ஒத்துக்கொண்டிருப்பான்’ எண்டு சொன்னவர். ரெண்டு நாள் அந்தத் தென்போடதான் கிடந்தவர்.”

அதற்குப் பிறகு என்னால் அழ முடிந்தது. நசீர்தான் கையைப் பிடித்து வெளியில் கூட்டிப்போனார்.

சேமக்காலையில் சுவாமியார் செபம் சொல்லி முடித்ததும் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டோம். என் முறை வந்தது. முழங்கால் வலித்தாலும் நன்றாகக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“ஐந்தாவதுதான் மச்சான். போயிட்டு வா.”