மைக்கம்மா சொல்லாத செய்தி

கோடை வந்துவிட்டால் அந்த ஊரில் வெயிலுக்கு முன்னால் சூடாகிவிடுவது மைக்கம்மாவின் தொண்டை. பள்ளிக்கூடம் மூடிய கையோடு நகராட்சிக்காரர்கள் கோடை நிகழ்ச்சிகளை ஆரம்பித்துவிடுவார்கள். பூங்காவில் பாட்டு, மைதானத்தில் ஓட்டப்பந்தயம், நூலகத்தில் கதை நேரம், நீச்சல் குளத்தில் வகுப்பு. இத்தனையும் மக்கள் காதுக்கு எட்ட வேண்டுமானால், தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய குட்டி வேன் ஒன்று தெருத் தெருவாகப் போய் வர வேண்டும். வண்டியை ஓட்டுகிறவர் செட்டுக்காரர். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், வயர் எல்லாம் அவருடையவை. பக்கத்து சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் மனைவி. ஊருக்கே அவள் மைக்கம்மா. வீட்டுக்காரரும் சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஒரு காலத்தில் மைக் அவர் கையில்தான் இருந்தது. செட்டுக்காரர் பேசினால் சமையலறையில் அடுக்கி வைத்த தட்டுகள் அதிரும் என்பார்கள். அப்படிப்பட்ட தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள், குரலைக் காப்பாற்ற முடியவில்லை. வெறும் காற்றுதான் வெளியே வந்தது. பக்கத்தில் காதை வைத்தால் புரியும், ஒரு எட்டு தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. அன்றிலிருந்து மனுஷன் வெளியாட்களிடம் வாயே திறப்பதில்லை. கடைக்குப் போனால் கையைக் காட்டுவார். யாராவது பரிதாபப்பட்டு உரக்கப் பேசினால், காதில் கோளாறு இல்லையே என்று அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

வேன் சும்மா நின்றது. அந்த வருஷமும் கோடை வந்தது. நகராட்சியிலிருந்து ஆள் வந்து, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அவர் மனைவி, வேண்டாம், நாளைக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டாள். அதுவரை அவள் வீட்டுக்கு வெளியே பத்துப் பேருக்கு முன்னால் பேசியதில்லை. மறுநாள் முதல் தெருவில் மைக்கைப் பிடித்தவள் தொண்டையைச் செருமினாள், இன்னொரு தடவை செருமினாள், பிறகு எதிர்வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்துவிட்டாள். "பேக்கரித் தெருக்காரங்களே, வேலையப் போட்டுட்டு வரவேணாம், செஞ்சுகிட்டே கேளுங்க." அவ்வளவுதான். ஊர் அவளுடையதாகிவிட்டது.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. நகராட்சி கொடுத்த அறிவிப்பைச் சொல்லி முடித்ததும், அந்தந்தத் தெருவுக்கென்று ஒரு சொந்தச் செய்தி சொல்லுவாள். அதற்குக் கடைசி வரி என்று பெயர். தையல்காரம்மாவின் மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள். தபால்காரர் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார். பேக்கரிக்காரர் வீட்டில் இரட்டைக் குழந்தை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எதையும் சொல்லமாட்டாள். கெட்ட செய்தி சொல்லவே மாட்டாள், அது சொல்லாமலே ஓடும் என்பது அவள் கட்சி. நீங்கள் நம்பமாட்டீர்கள், கடைசி வரிக்காகவே அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருகிறவர்கள் உண்டு. தன் பெயர் ஸ்பீக்கரில் வரும் நாளன்று தலைவாரிக்கொண்டு நின்றவர்களையும் செட்டுக்காரர் பார்த்திருக்கிறார், கண்ணாடியில் ஓரக்கண்ணால்.

இத்தனை வருஷத்தில் அந்த ஸ்பீக்கரில் ஏறாத வீடு ஒன்றே ஒன்று. அது அவர்களுடைய வீடு.

மகன் கப்பலில் என்ஜின் அறை வேலைக்குத் தேர்வானபோது செட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரெல்லாம் கேட்கும் என்று காத்திருந்தார். மைக்கம்மா யாரோ ஒரு சலவைக்கடைக்காரரின் புது இஸ்திரிப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தாள். அன்று வீடு வந்ததும் அவர் பொரிந்து தள்ளினார், காற்றுக் குரலில் எவ்வளவு பொரிய முடியுமோ அவ்வளவு.

"நம்ம வீட்டுச் செய்தின்னா அது செய்தி இல்லையா?"

"செய்திதான். ஆனா மைக்கு என் கையில இருக்குங்கறதுக்காக நானே சொல்லிக்கிட்டா அது பீத்தல். வேற யாராவது சொல்லட்டும்."

"வேற யார்கிட்ட மைக்கு இருக்கு?"

அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு தட்டு எடுத்து வைக்கப் போய்விட்டாள். அந்தப் பார்வை அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஊர் கேட்டுப் பழகிய அந்தக் குரலுக்குப் பதிலாக இந்தக் காற்றை ஸ்பீக்கரில் விடுவதைவிட, வாயைத் தைத்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் அது கிடந்து உறுத்தியது. ஊரில் இருக்கிறவர்களின் பெருமையை எல்லாம் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றுகிறவளின் பெருமையைச் சொல்ல ஒரு நாதி இல்லை.

இந்தக் கோடையில் நகராட்சி புதிதாக ஒன்று வைத்தது. நாற்பது தாண்டிய பெண்களுக்கு நீச்சல் வகுப்பு. காலையில், ஆண்கள் வருவதற்கு முன்னால், பயிற்சி கொடுப்பதும் ஒரு பெண்மணி. கோடை கடைசியில் குளத்தை நீளவாக்கில் கடக்கும் நிகழ்ச்சி. மைக்கம்மா தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்தாள். வயசு தடையில்லை என்றாள், முட்டிவலிக்கு நல்லது என்றாள். பெண்கள் வாசலில் நின்று கேட்டார்கள், சிரித்தார்கள், உள்ளே போனார்கள். ஒருத்திகூடப் பெயர் கொடுக்கவில்லை. ஆள் சேராவிட்டால் வகுப்பு ரத்து என்று பயிற்சியாளர் கையை விரித்துவிட்டார்.

பேக்கரித் தெரு முனையில் வேனை நிறுத்திவிட்டு இருவரும் ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள். மைக்கம்மா பெருமூச்சு விட்டாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, எனக்கே உள்ளுக்குள்ள ஆசைதான். ஆனா தண்ணியப் பாத்தாலே எனக்குக் கால் வெடவெடங்குது. குளியலறையில வாளி நெறஞ்சிருந்தாலே தள்ளி நிப்பேன். இதுல நான் ஊருக்கு உபதேசம் பண்றேன்."

செட்டுக்காரர் சிரித்தபடி நிமிர்ந்தார். எதிரே பேக்கரிக்காரர் கையில் ரொட்டித் தட்டோடு அப்படியே நின்றார். தையல்காரம்மா ஜன்னலில் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். செட்டுக்காரரின் கண் ஆம்ப்ளிஃபயருக்குப் போனது. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மைக் சுவிட்சை அணைக்கவில்லை. இத்தனை வருஷத் தொழிலில் அவர்கள் செய்யாத தப்பு.

அன்று சாயங்காலத்துக்குள் வாளி கதை ஊரைச் சுற்றிவிட்டது. எங்கே போனாலும் யாராவது அவளைச் சீண்டினார்கள். வாளியில் தண்ணீர் இருக்கிறது, பார்த்து வாருங்கள் என்றாள் ஒருத்தி. மைக்கம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மறுநாள் அதே தெருவில் அதே இடத்தில் வேனை நிறுத்தச் சொன்னாள். மைக்கை எடுத்தாள். "நேத்து கேட்டீங்கல்ல? உண்மைதான். எனக்குத் தண்ணின்னா பயம். நாளைக்குக் காலையில நான் குளத்துல எறங்கப்போறேன். பயப்படாதவங்க எல்லாம் வந்து பாருங்க." பார்க்க என்று வந்தவர்களில் தையல்காரம்மா முதலில் இறங்கினாள். பிறகு சலவைக்கடைக்காரரின் மனைவி, தபால்காரரின் அக்கா, அப்படியே ஒரு கும்பல். வகுப்பு பிழைத்துவிட்டது.

மற்றவர்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். மைக்கம்மாவுக்குத்தான் வரவில்லை. முதல் சில நாள் படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னால் அழுகையே வந்துவிடும். கரைக் கம்பியை அவள் பிடித்த பிடியில் விரலில் கன்றிப்போன தடம் விழுந்தது. செட்டுக்காரர் தினமும் வெளியே வேனில் காத்திருப்பார். ஈரத் தலையோடு வருகிறவளின் முகத்தைப் பார்த்தே அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து ஏறியவள், இனிமேல் போகமாட்டேன், எல்லாரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள் என்றாள். அவர் துண்டை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் எழுந்து வேனில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படித்தான். வராது என்று தெரிந்துவிட்டால் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்வாள்.

கடைசி நாள் ஊரே குளக்கரையில் கூடியது. தையல்காரம்மா முதல் பரிசு. யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை, இயந்திரத்தை மிதித்து மிதித்து இரும்பான கால் அவளுடையது. எல்லாரும் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது குளத்தில் ஒருத்தி மட்டும் பாக்கி இருந்தாள். பாதி தூரத்தில் அவள் தலை உள்ளே போனது. செட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். தலை மேலே வந்தது. கை நீட்டினால் கம்பி. அவள் கம்பியைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் கையை வீசினாள். அந்தக் கரையைத் தொட்டபோது பயிற்சியாளர் தண்ணீரிலிருந்து அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டார். செட்டுக்காரர் கைதட்ட மறந்துபோய் நின்றார். வாயைத் திறந்து என்னவோ கத்தினார். பக்கத்தில் நின்றவருக்குக்கூட அது கேட்கவில்லை.

மத்தியானம் முடிவுகளைச் சொல்ல வேன் கிளம்பியது. பேக்கரித் தெருவில் மைக்கம்மா பரிசு வாங்கியவர்களைச் சொன்னாள். குளத்தைக் கடந்த மற்றவர்களையும் ஒருவர் விடாமல் சொன்னாள், ஒவ்வொருவருக்கும் ஒரு பாராட்டோடு. கடைசி வரியாகத் தையல்காரம்மா வாங்கிய கோப்பையின் உயரத்தைச் சொல்லி முடித்து, மைக்கை வண்டியின் முன்பலகையில் வைத்தாள். தன் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை. வழக்கம்போலத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

செட்டுக்காரர் என்ஜினை அணைத்தார். ஆம்ப்ளிஃபயரில் கட்டைச் சத்தத்தை முழுக்கக் குறைத்து, கீச்சுச் சத்தத்தை ஏற்றி, கடைசியாக வால்யூமைத் திருகினார். காற்றுக் குரலுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரியும். மைக்கை எடுத்து உதட்டோடு ஒட்டினாற்போல் வைத்தார். அவள் பாட்டிலோடு திரும்பிப் பார்த்து, என்ன செய்கிறீர்கள் என்று கண்ணாலேயே கேட்டாள்.

ஸ்பீக்கரில் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உள்ளே போகத் திரும்பியவர்கள் நின்றார்கள். "பேக்கரித் தெருக்காரங்களே. நான்தான். செட்டுக்காரன்." தையல்காரம்மா இயந்திரத்திலிருந்து காலை எடுத்தாள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே வந்தார். கேட்க வேண்டுமென்று எல்லாரும் வேனை நெருங்கி வந்தார்கள்.

"ஒரு செய்தி விட்டுப்போச்சு. எங்க வீட்டுச் செய்தி. வாளித் தண்ணிக்குப் பயந்த ஒருத்தி இன்னிக்குக் குளத்த முழுசா நீந்திட்டா. கடைசியாத்தான் வந்தா. ஆனா கம்பியத் தொடல. நான் கண்ணால பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்குக் குரல் போனப்ப இந்த மைக்க எடுத்ததும் அவதான். அப்பவும் பயந்தா. அப்பவும் விடல. அவ என் பொண்டாட்டி."

முதலில் தட்டியது மாவு படிந்த கை. அதற்கப்புறம் தெரு முழுக்கத் தட்டியது. தையல்காரம்மா ஓடிவந்து கோப்பையை வேன் ஜன்னல் வழியாக மைக்கம்மாவின் மடியில் வைத்து, இன்று ஒரு நாள் உங்களிடம் இருக்கட்டும் என்றாள். மைக்கம்மாவுக்கு முகம் சிவந்துபோய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"போதும். சுவிட்ச அணைங்க. மானம் போகுது."

அதுவும் ஸ்பீக்கரில் போய்த் தெருவே சிரித்தது. செட்டுக்காரர் குனிந்து பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஒரு கையில் மைக்கைப் பிடித்தபடியே வண்டியைக் கிளப்பினார்.

"இரு. இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கு."